ஆரலில் ஓர் இடத்துக்குப் பெயர்

— ஜீப்பை இங்கயே நிறுத்தச் சொல்லு, மெருயெர்த். இதுக்கு மேல நான் வரமாட்டேன். இது கடல்.

— மாமா, ஆரல் கடல்ல தண்ணி வத்தி எம்புட்டோ வருஷமாச்சு. இறங்குங்க, கால் நனையாது.

— பல்கலைக்கழகத்துல தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவ, மாமனாரைக் கேலி பண்ணவும் அங்கயே கத்துக்கிட்டியோ.

— கேலி இல்ல மாமா. வீட்டுலேர்ந்து உம்முன்னு வந்தீங்க, அதான்.

— வராம? இதைப் போயி நெலம்னு புத்தகம் போட்டிருக்கே. எங்கப்பா படகோட இங்கதான் போனாரு. கடல் கொண்டுபோச்சுன்னா அது விதி. ஏன் அடக்கம் பண்ணலைன்னு எவனும் கேக்கமாட்டான். நெலம்னு சொல்லிட்டா? பெத்தவர் எலும்பை வெட்டவெளியில போட்டுட்டு, விருந்துல முதல் இடத்துல உக்காருறான் பாருன்னு பேசுவாங்க.

— பேசமாட்டாங்க மாமா. எல்லார் மனசுலயும் இது இன்னும் கடல்தான். தண்ணி திரும்பும்னு காத்துக்கிட்டே இருந்தாங்க, ஒரு செடி நடலை. உப்பு பறந்து வந்து பிள்ளைங்க இருமுது. நெலம்னு மனசு ஒத்துக்கிட்டாத்தான் கை மம்பட்டிய எடுக்கும். நான் எழுதினது அவ்வளவுதான்.

— அப்ப ஒண்ணு கேக்குறேன். நாளைக்குச் உப்பு மண்ணைப் பிடிச்சு நிக்கிற சக்சவுல் மரக்கன்னு நடப்போற ஒவ்வொரு இடத்துக்கும், அங்க கடல்ல முங்கிச் செத்தவங்க பேரை வச்சிருக்கே. இந்த இடத்துக்கு மட்டும் பேரு இல்ல. ஏன்? எங்கப்பா பேரு உனக்குக் கேவலமா?

— ஐயோ மாமா.

— பதில் சொல்லு.

— நான் உங்க வீட்டு மருமக. புருஷன் வீட்டுப் பெரியவங்க பேரை நம்ம பொம்பளைங்க சொல்றதுண்டா? எழுதவும் கை வரலை. அல்மாத்தியில கூட்டத்துல அவரு பேரைக் கேட்டாங்க. 'எங்க வலைக்காரப் பெரியவர்'னு சொன்னேன். சிரிச்சாங்க.

— அத்தனை பேராசிரியருங்க முன்னாலயா?

— ஆமா. பேரு இல்லாத இடத்தை மனசு எட்டிக்கூடப் பாக்காதுன்னு ஊரூராப் பேசுறவ, தானே வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாளேன்னு.

— சிரிச்சவன் வீட்டுக்கு இப்படி ஒரு மருமக வாய்க்கலை. அந்த வயித்தெரிச்சல்.

— பிள்ளைய நீங்க தோள்ல போட்டு வளர்த்தீங்க, நான் படிச்சேன். வேற எப்படி நன்றி காட்டுறதுன்னு தெரியலை மாமா. அழுறீங்களா?

— உப்புக்காத்து. வா, மண்டி போட்டு உக்காரு. இத்தனை நாளும் எந்தப் பக்கம் பாத்து அவருக்கு ஓதுறதுன்னு தெரியாம, வாசல்ல நின்னு காத்தைப் பாத்து ஓதினேன். நீதான் இடத்தைக் காட்டியிருக்கே. நல்லா இருப்பே. கையை ஏந்து.

— ஏந்திட்டேன்.

— ஓராஸ்பாய். அதான் எங்கப்பா பேரு. இந்த வீட்டுல மூத்தவன் நான் அனுமதி தர்றேன். நீயும் சொல்லு.

— நாக்கு எழும்பலை மாமா.

— எழும்பும் தாயி. எங்கப்பாவோட நெலத்துல உக்காந்துக்கிட்டு உனக்கென்ன பயம்?