பேரம் பேசாத போணி

மாரிக்கண்ணன்: ஏ பொன்மணி! அந்தப் பெட்டியை மூடாத... கூட்டம் புள்ள, நம்ம கடையில கூட்டம்!

பொன்மணி: என்ன சொல்றீக? காலையில ஈ ஓட்டிக்கிட்டுத்தான இருந்தீக?

மாரிக்கண்ணன்: அது காலையில! இப்பப் பாரு, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. தீவாளிச் சேலை அடுக்குல பாதி காலி!

பொன்மணி: அடேயப்பா... மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க.

மாரிக்கண்ணன்: நீ இன்னைக்கு லீவு போட்டேல்ல, ஒங்க பட்டாசுக் கம்பெனி வேன் சாயங்காலம்...

பொன்மணி: நாளைக்கு நீங்க பம்பாய் போறதுக்குத் துணி அடுக்கத்தான லீவு போட்டேன்.

மாரிக்கண்ணன்: சொல்ல விடு! அந்த வேன் சரியா நம்ம கடை வாசல்ல பஞ்சர். டிரைவர் பெத்தணன் டயரைத் தட்டித் தட்டிப் பாக்கான். பொம்பளைக பூராம் எறங்கி நிக்காக. ஒன் கூட்டாளி சொர்ணலட்சுமி மட்டும் விறுவிறுன்னு உள்ள வந்தா. நாலு சேலை! பேரமே பேசலை!

பொன்மணி: ...அவளா?

மாரிக்கண்ணன்: ஒத்த முறுக்குக்கே பேரம் பேசுறவ! அதைப் பாத்துட்டு மத்தவுகளும், "ஏ, அந்த மாம்பழக் கலரு எனக்கு"ன்னு ஒரே அடிபுடி. டெய்லர் அய்யாதுரை அண்ணனுக்கு அம்புட்டு ஜாக்கெட் சேந்துருச்சு. அந்தச் சந்தோசத்துல அவரும் வந்து மகனுக்குச் சட்டை எடுத்துட்டுப் போறாரு!

பொன்மணி: அப்ப அமெரிக்காவுல பேங்க் கவுந்துருச்சு, இனி இங்க யாவாரமே இருக்காதுன்னு சொன்னீக?

மாரிக்கண்ணன்: கவுந்து கெடக்கட்டும்!

பொன்மணி: நாந்தான் சொன்னேனே... போனஸ் எல்லாருக்கும் வந்துச்சு. அடுத்த வருசம் ஆர்டர் இருக்காதுன்னு பயந்து ஆளாளுக்கு முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டாக. ஒருத்தரும் வாங்கலைன்னா கடை எப்படி ஓடும்? கடை ஓடலைன்னா டெய்லருக்கு ஏது தொழிலு?

மாரிக்கண்ணன்: பேப்பர்லயும் அதான போட்டிருந்தான். எல்லாரும் கையை மூடிக்கிட்டா கவர்மெண்டுதான் மொதல்ல பணத்தை எறக்கணுமாம். வட்டியைக் குறைக்கணும், ரோடு போடணும்... அப்பத்தான் சனங்களுக்குத் தைரியம் வருமாம்.

பொன்மணி: ரோடு போட்டு அந்தக் காசு இங்கன வர்றதுக்குள்ள நீங்க பம்பாய்ல இட்லிக்கு மாவாட்டிக்கிட்டு இருப்பீக.

மாரிக்கண்ணன்: ஏ... நிமிந்து என்னையப் பாரு. சொர்ணலட்சுமிக்கு ஏது அம்புட்டு ரூவா?

பொன்மணி: போனஸ்தான்.

மாரிக்கண்ணன்: யாரு போனஸு?

பொன்மணி: இருங்க, இந்தப் பெட்டியை நகட்டி வச்சுட்டு வர்றேன்.

மாரிக்கண்ணன்: பொன்மணி!

பொன்மணி: ஏசாதீக... என் போனஸ்தான். கவர்மெண்டு வர்ற வரைக்கும் பொறுக்க முடியலை, நானே அவ கையில குடுத்து எறக்கிட்டேன். நாலுல ஒரு சேலை அவளுக்கு, மூணு நமக்குத் திரும்பி வந்துரும். ஒங்களை அனுப்பிட்டு இந்த வீட்ல என்னால ஒரு நாளு இருக்க முடியாது. நீங்கதான் பம்பாய் பம்பாய்னு குதிச்சீகளே, ஒங்ககிட்ட எப்படிச் சொல்ல? ...என்ன, சிரிக்கீக? என்னத்துக்குச் சிரிக்கீக?

மாரிக்கண்ணன்: அந்த வேன் டயருக்கு ஒண்ணும் ஆகலை புள்ள. பெத்தணன் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சி, அரை மணி நேரம் அங்கன நிப்பாட்டச் சொன்னது நாந்தான்.