சிவப்பு நூல் கட்டிய தோட்டாக்கள்

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும். சுவரோரமாகப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். நினைவுக்கல்லில் என் பெயரையும் பொறிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அதற்குமுன் தோட்டா செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. காகிதம் கிடைப்பதுதான் பாடு. பாதிரியாரே கோவிலின் பழைய பாட்டுப் புத்தகத்தைக் கிழித்துத் தந்தார். குச்சியில் காகிதத்தைச் சுற்றி, அடியில் ஈயக் குண்டை வைத்து நூலால் கட்டி, மேலே வெடிமருந்தை நிரப்பி வாயை மடிக்க வேண்டும். சுடுகிறவன் அந்த வாயைப் பல்லால் கிழித்து மருந்தைத் துப்பாக்கிக் குழலில் கொட்டுவான். பிறகு குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவான்.

அந்த ஏப்ரலில் சுல்தானின் படையை எதிர்க்க எங்கள் பல்கான் மலையூரிலிருந்து முப்பத்திரண்டு பேர் கிளம்பினார்கள். என் மகன் வெல்கோவும் ஒருவன். புருஷனைச் சிறையில் வாரிக்கொடுத்தவள் நான். எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். போகாதே என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன், கேட்கவில்லை.

மற்றப் பெண்கள் ஈயம் உருக்கினார்கள். மருந்து நிரப்புவதை என்னிடம் விட்டார்கள், என் கை நடுங்காது என்று.

எங்கள் ஊர்க் கசகசா கறுப்பு. மருந்துக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் மருந்து உப்புக் கரிக்கும். கடித்ததும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அடியில் கசகசா, வாயருகே ஒரு சிட்டிகை நிஜ மருந்து. துப்பாக்கி வேலை செய்யாவிட்டால் முதல் நாளே திட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள் என்று நினைத்தேன். இதில் யாருக்கு என்ன கெடுதல், சொல்லுங்கள்.

வெல்கோவுக்கு மட்டும் முழு மருந்து. அவற்றைச் சிவப்பு நூலால் கட்டினேன், மற்றவற்றை வெள்ளையால். தலைவர் சோதனைக்கு ஒன்று கேட்டபோது சிவப்பில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குண்டு வேலிக்கட்டையைத் துளைத்தது, எல்லோரும் கைதட்டினார்கள்.

வீடு திரும்பப் போகிறவனுக்கு நல்ல தோட்டா எதற்கு என்கிறீர்கள். வழியில் ஓநாய் வரலாம். படையும் வரலாம். சரி, அது எனக்குத் தெரியும்.

வெல்கோ சிரித்தான். "என்னம்மா, எனக்கு மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிவப்பு?"

"மார்ச்சுல காப்புக்குக் கையில கட்டுவோமே, அந்த நூலுதான்டா. கட்டினவனுக்கு ஒண்ணும் ஆகாது. பேசாம வச்சுக்க" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்?

கணவாயில் படை வந்தது. அந்தச் சிட்டிகை மருந்து குண்டைப் பாதிக் குழல்வரைதான் தள்ளியிருக்கிறது. அதன்மேல் இன்னொன்றை இடித்து இறக்கியிருக்கிறார்கள், அதன்மேல் இன்னொன்று. பல குழல்கள் அவரவர் முகத்திலேயே வெடித்தன. மிஞ்சியவர்களைப் படை வெட்டியது. குழல் வெடிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. இப்போதும் பட்டப்பகலில் யாராவது உரலில் பூண்டு இடித்தால், கம்பி பாதியில் முட்டி நிற்கும் சத்தம்தான் கேட்கிறது. எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன முப்பத்திரண்டு பேரில் உயிரோடு வந்தவன் கன்யோ ஒருவன். வந்ததும் என் கையை முத்தமிட்டு அழுதான்.

"உங்க நூலுதாம்மா என்னைக் காப்பாத்திச்சு. 'எனக்குப் புள்ளகுட்டி இல்ல, உனக்கு மூணு இருக்கு. இது எங்கம்மா கட்டின ராசி நூலு, நீ வச்சுக்க'ன்னு வெல்கோ எல்லாத்தையும் என் பையில கொட்டிட்டு, என் வெள்ளையை எடுத்துக்கிட்டாம்மா."

அவனுக்கு ரொட்டியும் மோரும் கொடுத்தேன். மூன்று குழந்தைகளும் நலமா என்று விசாரித்தேன்.

தோட்டாவில் போடாத மீதி மருந்து அந்தக் கட்டிலுக்கடியில் ஜாடியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுவதைச் சரியாக எழுதுங்கள் ஐயா. முப்பது பேரைக் கொன்றது நான்தான். வெல்கோவை நான் கொல்லவில்லை. அவனுக்கு நான் நல்ல தோட்டாதான் கொடுத்தேன்.