சேர்க்காமல் விட்ட வரி

நாடா வைத்த ஷூவை நான் வாங்குவதில்லை. காலை நுழைத்தோமா, கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். நிரல் எழுதும் மொழியையும் அப்படித்தான் தேர்ந்தெடுப்பேன்.

எங்கள் குளிர்கிடங்கின் கதவுகளை முன்பு இயக்கியது, அங்கேயே வேலை பார்க்கும் என் மனைவியின் அண்ணன் எழுதிய நிரல். ஆறாயிரம் வரிகள். அவருடைய மொழி ஒரு சந்தேகப் பிராணி. ஒவ்வொரு இடத்திலும் 'பதில் வராவிட்டால் என்ன செய்வது?' என்று நச்சரித்து, நாம் சொன்னால்தான் நகரும். நான் எடுத்த மொழி அப்படியில்லை. பதில் வராவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். நானூறு வரிகளில் முடித்துவிட்டேன். அறைக்குள் பனி படிந்து, கதவு திறக்கும் பொத்தான் தானாக அழுந்துவதுண்டு. அதனால் ஆள் இல்லாத அறையில் பொத்தானைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் எழுதியிருந்தேன். நிர்வாகி கை குலுக்கினார்.

மச்சான் கோபப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சிரித்தார்.

"உன் வீட்டுக்காரருக்கு நாலு வரிக்கு மேல போனா தலை சுத்தும்மா. அதான் எல்.கே.ஜி. மொழியாப் பார்த்து எடுத்திருக்காரு."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மேஜையில் பத்து வருடங்களாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"விளையாட்டு இருக்கட்டும், மாப்ள. உள்ள எத்தனை பேருன்னு எண்ணுற சென்சார் திடீர்னு வாயடைச்சுப் போச்சுன்னா?"

"பூஜ்யம்னு எடுத்துக்கும், மச்சான்."

"அப்போ கதவு பூட்டிக்கும். உள்ள மாட்டினவன் பொத்தானை அமுக்கினாலும் திறக்காதே?"

"ஒரு வரி சேர்த்துடறேன்."

மறுநாள், சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் நிரலைத் திறந்து பார்க்கவில்லை. தங்கை வீட்டுக்காரன் சொன்னால் போதாதா.

மூன்றாம் அறையின் சென்சார் சரியில்லை என்று நான் ஒரு புகார் எழுதினேன். உண்மையில் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அதை மாற்ற அவரே உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்வார். குளிர் வீணாவது அவருக்குப் பிடிக்காது. பழையதைக் கழற்றியதும் என் திரையில் 'உள்ளே: 0' என்று வந்தது. தாழ் விழுந்தது. அந்த அறையில் மைனஸ் இருபத்தைந்து டிகிரி. செல்போன் எடுக்காது.

அடுத்த நிமிடமே திரையில், 'பொத்தான் அழுத்தப்பட்டது, ஏற்கப்படவில்லை' என்று ஒரு வரி. பிறகு மளமளவென்று வந்தன. பிறகு விட்டுவிட்டு வந்தன.

ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனேன்.

"அண்ணன் வரலையாங்க?"

"உள்ள வேலையா இருக்காரு."

"சாப்பாட்டு நேரம்கூடத் தெரியாது இவருக்கு. இந்தாங்க, ஆறிப் போறதுக்குள்ள குடுத்துடுங்க" என்று ஒரு டப்பாவைக் கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

இரண்டரைக்குத் திரும்பினேன். பொத்தான் மொத்தம் அறுபத்து மூன்று முறை. கடைசி முறை ஒன்றேமுக்காலுக்கு. நான் கைகழுவிக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்.

விசாரணைக் குழு, எளிய மொழியைத் தேர்ந்தெடுத்ததால் நேர்ந்த கவனக்குறைவு என்று எழுதிவிட்டது. வேலை போகும், அவ்வளவுதான். என் மனைவிகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அழுதாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் நேற்று என் சாமான்களை எடுக்க அலுவலகம் போனேன். மச்சானின் ஆறாயிரம் வரிகளை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "மனுஷன் அப்பவே சொன்னாரு. இந்தாளு மொழியில இப்படி ஒரு பிழை வரும்னு" என்றான் ஒருவன், நான் நிற்பது தெரிந்தே.

அதற்காகத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் நிரலில் பிழை இல்லை. நான் நினைத்ததை அது ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் செய்தது.