அகலப் படம்

மலைகளை விற்பதில் நல்ல லாபம் இருக்கிறது. தெர்ஸ்கெய் மலைத்தொடரை, பனி மூடிய எல்லாச் சிகரங்களோடும், ஒரே படத்தில் பிடித்துக் கொடுக்க என் கடையில் நாலாயிரம் சோம். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு மூவாயிரத்து ஐந்நூறு. பாதி மலை போதும் என்பவர்களுக்குப் பாதி விலை. காரகோல் சந்தையில் என் அப்பா இதே கடையில்தான் கம்பளிக் காலணி விற்றார். கேட்ட அளவு இல்லையென்றாலும் "உள்ளே இருக்கு, உட்காருங்க" என்பார். பின்வாசல் வழியாக ஓடிப்போய் அடுத்த கடையில் வாங்கி வந்து கொடுப்பார். அதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. நான் வளர்ந்த இடம் அது, ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆரம்பக்காரர்கள் வாங்கும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர் அது. பெட்டியோடு வந்த லென்ஸைத் தவிர என்னிடம் வேறு லென்ஸ் கிடையாது. இந்த ரகக் கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்சார் சிறியது. லென்ஸ் ஒரு முழுக் கம்பளத்தை உள்ளே கொண்டுவந்தாலும் சென்சார் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டிவிடும். அகலமாக வேண்டுமென்றால் பின்னால் நகர வேண்டும். பின்னால் சுவர் இருந்தால், அல்லது ஆறு இருந்தால், அங்கேயே வியாபாரம் முடிந்தது. லென்ஸின் மூக்கில் திருகி மாட்டும் மலிவான அகலக் கண்ணாடி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் நின்றவர்களின் முகங்கள் பிசைந்த மாவுபோல் இழுபட்டன. ஒரு மணப்பெண்ணின் அத்தை என்னை அடிக்கவே வந்துவிட்டாள்.

அப்புறம்தான் ஒட்டுப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். கேமராவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். இடமிருந்து வலமாக, ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் மூன்றில் ஒரு பங்கைத் தொடும்படி, வரிசையாக எடுக்க வேண்டும். பிறகு கணினியில் தைத்துவிடலாம். தைத்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எடுத்து முடிக்கும்வரை யாரும் அசையக் கூடாது.

தோக்தோசுன் குதிரை வியாபாரி. இளைய பேரன் நடக்கத் தொடங்கியிருந்ததால் குழந்தையின் காலில் கயிறு கட்டி அறுக்கும் எங்கள் வழக்கப்படி கால்கட்டு அறுக்கும் விருந்து வைத்தார். சுவரளவு படம் வேண்டுமென்று கடைக்கு வந்தார். என்னைவிட மூத்தவர், பைக்கே என்றுதான் கூப்பிடுவேன்.

"டேய் கால்முராத், போன வருஷம் என் மச்சான் வீட்டு விருந்துல ஒருத்தன் படம் எடுத்தானே, பாதி ஜனத்த வெட்டிப்புட்டான். என் படத்துல நாயோட வால்கூட விழணும்."

"அதுக்குன்னு அகல லென்ஸ் வச்சிருக்கேன், பைக்கே. மாஸ்கோவுலேர்ந்து வரவழைச்சது. அத எடுத்தா கூலி ரெண்டு மடங்கு."

"ரெண்டு மடங்கா? எனக்கு ரெண்டு தல வருமா படத்துல?"

"தல ஒண்ணுதான். மலை முழுசா வரும்."

"உங்கப்பனும் இப்படித்தான். ஒரு கால் செருப்புக்கு ஜோடி விலை சொல்லுவான்," என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே முன்பணத்தை எண்ணி வைத்தார். கடையில் இருந்த நாலு பேரிடமும், "ஒரே சொடுக்கு, மொத்தக் குடும்பமும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் சந்தைப் பேச்சில் என்னிடம் மாஸ்கோ லென்ஸ் இருந்தது.

விருந்து ஜெட்டி-ஒகூஸ் பள்ளத்தாக்கில், ஆற்றையொட்டிய புல்வெளியில் நடந்தது. வயதுப்படி, உறவுப்படி அவர்களை வரிசையாக நிறுத்துவதற்கே அரைமணி நேரம் சண்டை. எவர் நடுவில், எவர் எவருக்கு வலப்பக்கம் என்பதெல்லாம் எங்கள் ஊரில் சிறிய விஷயமில்லை. உர்மாத் இரண்டாவது வரிசையில் நின்றான். தோக்தோசுனின் மருமகள் பெகிமாய்க்குத் தம்பி அவன். இருபத்துமூன்று வயது. அவனுக்கு ஒரு பக்கம் கண் மங்கிய ஒரு பெரியவர். மறுபக்கம், புளித்த குதிரைப்பால் குமிஸையும் வோட்காவையும் கலந்து குடித்துவிட்டு நிற்கவே சிரமப்பட்ட ஒரு சித்தப்பா மகன்.

எல்லாம் ஐந்து துண்டுகள். இரண்டாவது துண்டில் உர்மாத் முழுசாக நிற்கிறான், வலது ஓரத்தில், சிரித்தபடி. நான் கேமராவைத் திருப்பும் நேரத்தில் அவன் வரிசையை விட்டு ஓடிவிட்டான். பெகிமாயின் மூத்த பிள்ளை, மூன்று வயசுக்காரன், யாருக்கும் தெரியாமல் ஆற்றுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தானாம். இவன் கண்ணில் மட்டும் பட்டிருக்கிறது. மூன்றாவது துண்டில் அவன் நின்ற இடம் காலி. கிழவரும் குடிகாரனும் கொஞ்சம் நெருங்கி நின்று அந்த இடத்தைப் பெரும்பாலும் மூடிவிட்டார்கள்.

நான் கேமராவைப் பையில் வைக்கும்போது உர்மாத் ஈரக் காலோடு வந்தான்.

"பைக்கே, படத்துல விழுந்தேனா?"

"விழுந்த, விழுந்த. ஏன் பறக்குற?"

"பொடிப்பய ஆத்துக்குப் போயிட்டான். அக்காகிட்ட குடுத்துட்டு வந்தேன். அவ மாமனார்கிட்ட மூச்சு விடாதீங்க, அக்காவ உரிச்சுடுவாரு."

நான் மூச்சு விடவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவன் நான்.

கணினியில் தைக்கும்போது அந்த இடத்தில் சிக்கல் வந்தது. இரண்டாவது துண்டை வைத்தால் உர்மாத்தின் தோள் கிழவரின் முகத்துக்குள் புகுந்தது. மூன்றாவதை வைத்தால் சுத்தமாக இருந்தது. மூன்றாவதை வைத்தேன். கொஞ்சம் மீதியிருந்த ஒரு கையைப் புல்லால் மூடினேன். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. நல்ல தையல்காரன் எவனும் அதைத்தான் செய்வான்.

விருந்து நடந்த அதே நேரத்தில், ஊருக்கு மறுபுறம் அக்-சூ சாலையில், ஓர் ஆட்டு வியாபாரியைத் தலையில் அடித்துக் கொன்றிருந்தார்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கால்நடைச் சந்தையில் உர்மாத்துக்கும் அந்த ஆளுக்கும் ஒரு குதிரை விஷயமாகத் தகராறு. "உன்ன விடமாட்டேன்" என்று உர்மாத் ஏதோ சொல்லியிருக்கிறான். இளவயசில் எல்லாரும் சொல்வதுதான். விருந்துக்கு மறுநாள் காலையிலேயே போலீஸ் வந்து அவனைப் பிடித்துக்கொண்டது. "நான் விருந்துல இருந்தேன். படத்துல இருக்கேன், போய்ப் பாருங்க" என்று அவன் சொன்னானாம். அவன் கையில் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

அப்போதிருந்த அதிகாரி, உங்களுக்கு முன்னால் இருந்தவர், என் கடைக்கு வந்தபோது தோக்தோசுன் படத்தை வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். படத்தைப் பார்க்கச் சந்தைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். இரண்டு பேர் தங்கள் வீட்டு விருந்துக்கும் இப்படியே வேண்டுமென்று தேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி படத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனார். உர்மாத் இல்லை.

"எல்லாரும் இதுல இருக்காங்களா?"

"என் நாயோட வால்கூட இருக்கு," என்றார் தோக்தோசுன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது ஒரே படமா? ஒட்டினது வெட்டினது ஒண்ணும் இல்லையே?"

கடையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். "ஒரே படம்தான். மாஸ்கோ லென்ஸ்," என்றேன்.

பிறகு தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். காவல் நிலையம் என் கடையிலிருந்து அதிக தூரமில்லை. ஒருமுறை பாதிவழி போனேன். வழியில் ரொட்டிக்காரர் நிறுத்தி, "உன் லென்ஸப் பத்திதான் ஊரே பேசுது" என்றார். அவரிடம் பேசிக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டது. நீதிமன்றம் தீர விசாரிக்கும் என்றும் நினைத்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவன் இருந்தான் என்றே சொன்னார்கள். சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றது நீதிமன்றம். கிழவருக்குக் கண் தெரியவில்லை. குடிகாரன், "நின்னான்னுதான் நெனக்கிறேன்" என்றான். ஆற்றுப் பக்கம் போன பிள்ளையைப் பற்றிப் பெகிமாய் மட்டும்தான் சொன்னாள். தம்பியைக் காப்பாற்ற இப்போது கதை கட்டுகிறாள் என்று மாமனாரே சொல்லிவிட்டார்.

தீர்ப்புக்கு முன்னால் அவள் கடைக்கு வந்தாள். நான் நாற்காலி போட்டேன். தேநீர் ஊற்றினேன்.

"பைக்கே, இன்னொரு தரம் பாருங்களேன். முழுசா வேணாம். ஓரத்துல ஒரு தோளு, ஒரு தொப்பி நுனி, ஏதாவது தெரிஞ்சாலும் போதும்."

"நெறைய தடவ பாத்துட்டேன், தங்கச்சி."

"அவன் அங்கதான் நின்னான். நான் பொம்பளைங்க வரிசையிலேர்ந்து பாத்தேன். என்னப் பாத்து மூஞ்சியக் கோணிக் காட்டினான்."

நான் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். மேசை மேல் படத்தை விரித்து, விளக்கை இழுத்து வைத்து, இரண்டு பேரும் தேடினோம். நான் இடது ஓரத்திலிருந்து, அவள் வலது ஓரத்திலிருந்து. அவளுடைய விரல் அந்த இடத்துக்கு வந்தபோது நின்றது. கிழவரின் தோளுக்கும் குடிகாரனின் தோளுக்கும் நடுவில் இருந்த அந்தப் புல்லை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க புல்லு கொஞ்சம் பச்சையா இருக்கோ?"

"ஆத்துப் பக்கம் அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. வேறு ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் போட்டார்கள். அந்த வருஷம் எனக்கு விருந்துகள் நிறைய வந்தன. மூன்றாவது குளிர்காலத்தில் சிறையிலேயே உர்மாத் நெஞ்சு கெட்டுப்போய், இரத்தம் கக்கிச் செத்துப்போனான். செய்தி வந்த நாள் நான் கடையைத் திறக்கவில்லை. சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கல்லறைக் கல்லில் முகம் செதுக்க ஒரு படம் வேண்டுமென்று பெகிமாய் மறுபடி வந்தாள். சிறையில் எடுத்த படம் ஒன்று கொண்டுவந்திருந்தாள். மொட்டைத் தலை, ஒட்டிய கன்னம், வெளிச்சமும் சரியில்லை.

"இதத்தான் செதுக்கணுமா பைக்கே? அம்மாவுக்குத் தாங்காது. வேற ஒண்ணும் இல்ல எங்ககிட்ட. இதையே கொஞ்சம் நல்லாப் பண்ணித் தர முடியுமா?"

அந்தப் படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தொழில் தெரிந்த எவனும் அதைத் தொடமாட்டான். கல்லில் போனால் அவன் ஒரு குற்றவாளி மாதிரி இருப்பான். நாளைக்கு அந்த வழியாகப் போகிறவர்கள், கால்முராத் செய்த படமா இது என்று கேட்பார்கள். நாங்கள் எதையும் தூக்கிப்போடாத குடும்பம். அப்பா அறுந்த வாரைக்கூடப் பத்திரப்படுத்துவார். இரண்டாவது துண்டு என்னிடம் இருந்தது. அவனை மட்டும் அதிலிருந்து எடுத்தேன். பின்னால் இருந்த மலையையும் ஆட்களையும் அழித்துவிட்டுச் சாம்பல் நிறம் பூசினேன். காற்றில் கலைந்த முடியை அப்படியே விட்டேன். சிரிப்பைத் தொடவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த முகங்களில் அதுதான் சிறந்தது. கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு வைத்தேன்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் அழுதாள். அப்புறம் அழுகையை நிறுத்திவிட்டு அவனுடைய கழுத்தருகே பார்த்தாள்.

"இந்தச் சட்டக் காலரு நான் தச்சது."

நான் தேநீர் ஊற்றப் போனேன்.

"விருந்துக்கு மொத நாள் தச்சு முடிச்சேன். அன்னிக்குத்தான் மொத மொதல்ல போட்டான். மறுநாள் காலையில அந்தச் சட்டையோடதான் அவனக் கூட்டிட்டுப் போனாங்க." குரல் உயரவே இல்லை. "பைக்கே, இது எப்போ எடுத்தது?"

"நல்லா வந்திருக்குல்ல?" என்றேன்.

அவள் எழுந்து போனாள். நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். நீங்கள் கணினியைத் திறந்து, ஐந்து துண்டுகளையும் அவற்றின் நேரத்தையும் பார்த்துவிட்டீர்கள். நான் மறைக்க எதுவுமில்லை. மறைக்க நினைத்தவன் அந்த முகத்தைக் கொடுத்திருப்பானா? அதைக் கொஞ்சம் யோசியுங்கள். அவளுக்காகத்தான் கொடுத்தேன்.

ஆம், அவன் அங்கே நின்றான். எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒட்டுப் படத்தை ஒரே படம் என்று சொன்னேன். அவனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புல்லை வைத்தது என் கை.

இனி கணக்கு. பெகிமாயிடம் கல்லறைப் படத்துக்கு ஒரு சோம்கூட வாங்கவில்லை. சட்டமும் கண்ணாடியும் என் செலவு, அது என் வரவில் சேர வேண்டும். உர்மாத் என்னிடம் எதுவும் வாங்கவுமில்லை, கொடுக்கவுமில்லை, அது நேர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் திருப்பித் தர வேண்டியது தோக்தோசுன் பைக்கேக்கு மட்டும்தான். இல்லாத லென்ஸுக்கு வாங்கிய பாதிக் கூலி. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, கையெழுத்துப் போடுகிறேன்.