கிரீம் பிஸ்கட்டில் இருந்தது

வெயில் காலத்தில் கிரீம் பிஸ்கட் செய்வது சிரமம். வனஸ்பதி இளகி, இரண்டு பிஸ்கட்டுக்கும் நடுவிலிருந்து வழிந்துவிடும். மூலக்குளத்துக் கம்பெனியில் வனஸ்பதி டின்னைத் திறந்து, சர்க்கரைத் தூளும் எசன்சும் சேர்த்துப் பிசைவது என் வேலை. எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வாய் வராது.

கம்பெனியில் எனக்காகப் பேசுவது பக்கத்து வீட்டு அம்சவள்ளிதான். "இன்னா மேஸ்திரி, வாயில்லாதவன்னு ரெண்டாள் வேலைய அவ தலைல கட்றியா?" என்பாள். எனக்கு லீவு கேட்பதும் அவளே. நான் பின்னால் நிற்பேன்.

எண்பத்து மூன்றில் குருவிநத்தம் மணவாளனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். மாமிசம் தொடாத குடும்பம். அன்று அவள் எங்கள் கிரீம் பிஸ்கட்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். எல்லோரும் தின்றார்கள்.

அவள் போய்விட்டால் எனக்கு லீவு யார் கேட்பது? அந்தக் கவலை நியாயமானதுதான்.

அப்போது வடக்கே எங்கோ வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்ததாகப் பேப்பரில் வந்தது. முதலாளி சௌந்தரராஜன் எங்கள் டின்னைச் சோதனைக்கு அனுப்பினார். சுத்தம் என்று வந்த காகிதத்தைச் சுவரில் ஒட்டினார். அதை இரண்டு முறை படித்தேன். படித்த பிறகுதான் மணவாளன் வீட்டுக்கு மொட்டைக் கடுதாசி எழுதினேன். நிச்சயத்தன்று நீங்கள் தின்றது மாட்டுக் கொழுப்பு, பெண்ணுக்கு அது தெரியும் என்று இரண்டே வரி.

மணவாளனின் அம்மா அம்சவள்ளி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "தெரிஞ்சே எங்க வாயில மாட்டுக் கொழுப்ப வச்சியேடி. நீ வெளங்குவியா?"

அம்சவள்ளி என் பக்கம் திரும்பினாள். "நீதானடி டின்ன ஒடைக்கிற. அதுல இன்னா இருந்துச்சுன்னு சொல்லுடி."

நான் தரையைப் பார்த்தேன். நான் பேசமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும்.

நிச்சயம் முறிந்தது. அடுத்த ஆடியில் அவள் கிணற்றில் குதித்தாள். தூக்கிவிட்டார்கள். இடது கால் மட்டும் சரியாகவில்லை. இரண்டு வருஷமாக என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். தோள் வலிக்கிறது. நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

போன வாரம் ஏம்பலத்து நடேசன் அவளைப் பெண் பார்க்க வந்தார். மனைவியை இழந்தவர். "கால் கெடக்குது வுடுங்க, வாய் நல்லாத்தானே கீது" என்றார். அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இந்த முறை என்ன எழுதுவதென்று யோசித்தே அலுத்துவிட்டது. எனக்கு இதில் ஆசையில்லை. ஆனால் அவளைத் தாங்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நேற்று தபாலாபீசில் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்லாண்டு லெட்டரை அம்சவள்ளிதான் கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.