வலது பக்கத்து முகம்

நாயைச் செதுக்குவது சுலபமான வேலை இல்லை, அதுவும் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில். எங்கள் காரியா நாட்டு ஊரின் வெண்கலக் காசுக்கு முப்பது வருடமாக அச்சு வெட்டுகிறவன் நான், க்ளைகோன். காசின் ஒரு பக்கம் ஹெக்கட்டே தேவி, காலடியில் நாய். மறுபக்கம் ரோமில் ஆளும் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே, தலைக்கு மேல் அவரவர் பெயர்.

அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் வெட்டவேண்டும். எந்தக் கையால் ரொட்டியைப் பிய்க்கிறோம் என்றே சில நாள் எங்களுக்குக் குழம்பும். ஊருக்கே இது தெரியும்.

அந்த அச்சை வைத்துக் காசு அடிக்கும் சம்மட்டிக்காரன் பாப்பியாஸ். படிக்கத் தெரியாது, வாய் மட்டும் நீளம். புதுக் காசு வந்த அன்று மதுக்கடையில் அதைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, இதுல தேவி யாரு, நாய் யாரு? கும்பிடணும்ல, அதான் கேக்குறேன்."

கடையே சிரித்தது. மறுநாள் மீன்காரிகூட, "நாயம்மா காசா குடுக்குறீங்க?" என்றாள். எனக்கு வலித்தது. ஆனால் நான் கோபக்காரன் இல்லை.

பிறகு ரோமில் அண்ணன் தம்பியைக் கொன்றான். பெரிய குடும்பம், மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். தம்பியின் முகத்தை எல்லாக் காசிலும் வெட்டி எடுக்க உத்தரவு வந்தது. பாப்பியாஸ் உளியோடு உட்கார்ந்தான்.

"ரெண்டையும் ஒரே மூஞ்சியா வெட்டி வெச்சிருக்கீங்களே அண்ணே. செத்தவன் எவன்?"

"வலது பக்கம் இருக்கறவன்ப்பா" என்றேன்.

மூன்று கூடைக் காசிலும் ஆளும் அரசரின் முகம் போயிற்று. விசாரணையில் பாப்பியாஸ் அழுதான். "நீங்கதானே சொன்னீங்க? சொல்லுங்கண்ணே."

நான் மறைக்கவில்லை. சொன்னது நான்தான், அச்சு நினைப்பில் இடவலம் மாறிவிட்டது என்றேன். நகரசபையார் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். வாய் தவறியவனை மன்னிக்கலாம், அரசர் முகத்தில் உளி வைத்தவனை மன்னிக்க முடியாது என்று தீர்ப்பு. அவன் தலையை வெட்டியபோது நான் போகவில்லை. எனக்கு ரத்தம் ஆகாது.

அவன் மனைவி தாட்டியா எனக்கே ஆறுதல் சொன்னாள். "மனசப் போட்டு அலட்டிக்காதீங்கண்ணே. தொழில் பழக்கம், நீங்க என்ன பண்ணுவீங்க?"

நல்ல பெண். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பாப்பியாஸ் கேட்ட அன்று அச்சு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. என் கையில் இருந்தது காசு. அதை வெயிலில் பிடித்து, இரண்டு பெயரையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.