அடுப்பருகே வந்த விருந்தாளி

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கவிதை என்றால் உயிர், ஐயா. பாட்டில் ஒரு சீர் தப்பினாலும் சோற்றில் கல் கடித்தது போல் இருக்கும். மலாயாவில் தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸராக இருந்தவனுக்கு ஜெர்மன் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். எங்கள் கோயில் பாதிரியாரின் தாய்மொழி அது. பூசைக்கு உதவக் கற்றுக்கொடுத்தவர், கூடவே அதையும் கற்றுக்கொடுத்தார்.

ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிப்போனார்கள். தோட்டத்து ஆண்களை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சமயத்தில்தான் தங்காக்கில் இருந்த ஜப்பானிய ராணுவ டாக்டர் பழக்கமானார். அவர் வைத்தியம் படித்ததே ஜெர்மன் புத்தகங்களில். எனக்கு ஒரு கவிதைப் புத்தகம் இரவல் தந்தார். ஊரே அழுதுகொண்டிருந்த காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதில் ஒரு கவிதை. பனி கொட்டும் நாளில் அந்நியர் ஒருவர் வீட்டுக்குள் வருகிறார். தாய் அவருக்கு அடுப்பருகே இடம் தருகிறாள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு அவர் விளையாடுகிறார். விடிந்ததும் அவரைக் காணோம். குழந்தை சிரித்தபடி விறைத்துக் கிடக்கிறது. வந்தவர் சாவு என்று கவிஞன் சொல்லவே இல்லை. நம் ஆட்கள் சாவென்றால் தப்படித்து, மாரடித்து ஊரைக் கூட்டுவார்கள். அவர்கள் உட்காரச் சொல்கிறார்கள். என்ன நாகரிகம் பாருங்கள்.

"நீ எத்தனையோ சாவு பார்த்தவன். அந்தச் சிரிப்பை எங்காவது பார்த்தாயா?" என்று டாக்டர் கேட்டார். நான் பார்த்ததில்லை. வைத்தியம் செய்கிறவனுக்கு முகத்தைப் பார்க்க நேரம் ஏது?

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, மலேரியாவுக்கான கொய்னா மருந்தை டிரஸ்ஸரே ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றுவான். கையில் கொடுத்தால் கொட்டிவிடுவார்கள். அவர்களுக்குக் கசந்தால் மருந்து, அவ்வளவுதான். ஆகவே வேப்பிலையை அவித்து ஊற்றினேன். அசல் கொய்னா என் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

முதலில் அய்யாவுக் கிழவர். வாய் கோணிச் செத்தார். குற்றம் அவருடையதல்ல, கவிதையில் வருவது குழந்தை அல்லவா.

வெள்ளையம்மாவின் புருஷன் சயாமுக்குப் போனவன் திரும்பவில்லை. அவளுக்கு மிஞ்சியது ஆறு வயது செல்வராணி மட்டும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"டிரஸ்ஸரய்யா, எம்புள்ளய மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க. காலத்துக்கும் ஒங்க வீட்டுல வேல செய்யிறேன்" என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தேற்றினேன். கட்டிலருகே உட்கார்ந்து பிள்ளையோடு சோழி விளையாடினேன். இரண்டு ஆட்டம் அதையே ஜெயிக்கவிட்டேன்.

"மாமா, இன்னுங் கொஞ்சம் கசப்புத் தண்ணி குடுங்க. நா துப்ப மாட்டேன். அம்மா அழுவுறாங்க" என்றது.

கொடுத்தேன். கேட்டதை நான் மறுக்கவே இல்லை.

மறுநாள் மதியம் எல்லாம் முடிந்தது. சிரித்ததா என்றால், உதடு கொஞ்சம் விலகியிருந்தது. டாக்டரிடம் சிரித்தது என்றே சொன்னேன். வெள்ளையம்மா என்னைக் கும்பிட்டு, "பெத்த அப்பன்கூட இப்படிப் பக்கத்துலயே ஒக்காந்து பாத்திருக்க மாட்டான்யா" என்றாள். அது உண்மைதானே. அப்புறம் இன்னும் சில பிள்ளைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசிவரை நான் இருந்தேன்.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். சாவை விருந்தாளியாகப் பார்க்கப் பழகாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கவிதைகள் எனக்குச் சாவுபயத்தை அறவே போக்கிவிட்டன. மழைக்காலத்தில் எனக்கும் அதே குளிர்காய்ச்சல் வந்தது. துளிகூடப் பதறவில்லை. அலமாரியைத் திறந்து, அசல் கொய்னாவை எடுத்து விழுங்கினேன். புத்தகத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது, ஐயா.